மேஸ்திரியைக் கைது செய்ய ஆளில்லை

கைதாவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. நடுரோட்டில் உட்கார வேண்டும். எழுந்திரு என்றால் எழுந்திருக்கக் கூடாது. மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். அந்த ஊர் அமைதிக் குழுவில் பல் டாக்டரம்மா கைதாகியிருந்தார், ரிட்டயரான கணக்கு வாத்தியார் கைதாகியிருந்தார், வாத்தியாருக்குக் குடை பிடிக்க வந்த அவர் தங்கைகூட, எதற்கு என்று தெரியாமலே கைதாகியிருந்தார். பாக்கி இருந்தது மேஸ்திரி ஒருவர்தான். அவர் முயற்சி செய்யாமல் இல்லை. தலைகீழாக நின்று பார்த்தார். அவரைக் கைது செய்ய மட்டும் ஒருவருக்கும் மனசு வரவில்லை. அதனால் அவர் குடும்பமே ஆட்டம் கண்டுவிட்டது.

மேஸ்திரி என்றால் கட்டட மேஸ்திரி என்று நினைத்துவிடாதீர்கள். வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குகிற கம்பெனியில் லோடுமேன்களுக்கு மேஸ்திரி. குறுகலான மாடிப்படியில் ஒரு பீரோ இறங்குகிறது என்றால் மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர், நடுவில் அவருடைய குரல். "பிடி... சாய்... உன் பக்கம் தாழ்த்து... விடாதே... இப்ப விடு." அந்தக் குரல் கேட்டால் யாரும் யோசிக்கக் கூடாது, செய்துவிட வேண்டும். யோசித்தால் விரல் நசுங்கிவிடும். வருஷக்கணக்காக அப்படியே கத்திக் கத்தி, ரோட்டில் போகிறவனைக்கூடக் குனிய வைக்கிற குரலாக அது ஆகிவிட்டது.

தப்பாக எதையாவது யாராவது தூக்குவதைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சொந்தக்காரர் வீட்டில் விருந்துக்குப் போன இடத்தில் யாரோ மேஜையைத் தரதரவென்று இழுத்தார்கள் என்று எச்சில் கையோடு எழுந்து போனவர் அவர். மாமனார் செத்தபோது தேம்பித் தேம்பி அழுதார், உண்மையான அழுகைதான். ஆனால் பெட்டியைத் தூக்கியவர்கள் வாசற்படி தாண்டும்போது, அழுகைக்கு நடுவிலேயே, "தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்கப்பா, நிலையில இடிக்கும்" என்றார். மாமியார் ஒப்பாரியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை அந்தக் குடும்பம் அன்றைக்குக் கண்கூடாகப் பார்த்தது.

அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். தெருவில் எல்லோருக்கும் டெய்லரம்மா. இந்த இரண்டு பேருக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஊருக்கும் போருக்குமே சம்பந்தம் கிடையாது. போர் எங்கேயோ கடல் தாண்டி நடந்துகொண்டிருந்தது. ஊர்க் கோடியில் இருந்த தொழிற்சாலையில் அதற்குக் குண்டு செய்தார்கள், அவ்வளவுதான். ஊரில் பாதிப்பேர் அதைச் சட்டி பானை செய்கிற இடம் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் டிவியில் செய்தி ஓடியது. வெள்ளைத் துணி சுற்றி வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். டெய்லரம்மா மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அது நாலு வயசு," என்றார். "அதுக்கு அடுத்தது ஆறு. அந்தக் கோடியில இருக்கிறது ரெண்டு தாண்டாதுங்க."

"மூடிக் கிடக்குது, உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்த வயசுக்கு எவ்வளவு துணின்னு எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு அவர் அன்றைக்கு மிஷினை மிதிக்கவில்லை. அந்த வாரமே பல் டாக்டர் நடத்துகிற அமைதிக் குழுவில் சேர்ந்தார். மேஸ்திரிக்குக் கொள்கை கிள்கை எதுவும் கிடையாது. மனைவி போகிற இடத்துக்கு அவரும் போவார், பை தூக்கிக்கொண்டு.

முதல் மறியலுக்கும் அப்படித்தான் போனார். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ரோட்டில் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் வரிசை வரிசையாக வந்து, பல்லைப் பிடுங்கிய பிறகு சொல்வாரே அதே குரலில், என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாது என்று சொன்னார். கை ஓங்கக் கூடாது. ஓடக் கூடாது. திட்டக் கூடாது. தூக்கினால் உடம்பைத் தளர விட்டுவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். பாட்டுப் பாடினார்கள். வாத்தியார் சுருதி சேராமல் பாடினார்.

இன்ஸ்பெக்டர் கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். அது கொரகொரவென்றதே தவிர, ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாவிட்டாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். போலீஸ்காரர்கள் வரிசைக்குள் இறங்கினார்கள்.

அவர்களுக்கும் தூக்கிப் பழக்கமில்லை. ஒருத்தர் வாத்தியாரின் ஒரு கையை மட்டும் பிடித்துத் தார்ரோட்டில் இழுத்தார். வாத்தியார் ஐயோ என்று அலறினார், மணிக்கட்டில் சடக் என்று சத்தம் கேட்டது. கண்ணாடி கீழே விழுந்து பூட்ஸ் காலில் நொறுங்கியது. காலேஜில் படிக்கிற ஒரு பெண்ணைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை வைத்து அழுத்தினார் இன்னொருத்தர். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வரவில்லை. மேஸ்திரிக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்றுவிட்டார்.

"டேய் டேய் டேய்! நிறுத்துங்கடா!"

ரோடே நின்றது. போலீஸ்காரர்கள் நின்றார்கள், பாட்டு நின்றது, எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது.

"கையைப் பிடிச்சா இழுப்பாங்க? பீரோ கதவைப் பிடிச்சு பீரோவைத் தூக்குவியா நீ?"

வாத்தியாரை இழுத்தவர் ஒல்லியான ஒரு கான்ஸ்டபிள். "இல்லண்ணே," என்றார். அந்தக் குரலுக்கு அவரால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

"அப்புறம்? முட்டியை மடக்கி உட்காரு. குனியாதே, இடுப்பு போயிடும். அக்குள்ல ஒரு கை குடு. நீ காலைப் பிடி. ரெண்டு பேரும் என் வாயைப் பாருங்க. நான் சொன்னாத்தான் தூக்கணும். அந்தப் பொண்ணு முதுகில இருந்து எந்திரிடா நீ முதல்ல!"

எழுந்தார்கள். மடக்கினார்கள். தூக்கினார்கள். அடிபட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாத்தியார் பூப்போல வேனுக்குள் போய் இறங்கினார். அதோடு மேஸ்திரி உட்கார்ந்திருந்தால் நல்லவர் என்று பெயர் வாங்கியிருப்பார். ஆனால் வேலை என்று ஒன்று கண்ணுக்கு எதிரே ஆரம்பித்துவிட்டால் அவரால் பாதியில் விட முடியாது. வேன் வாசலிலேயே நின்றுகொண்டார். அடுத்தது என்றார். கனமான ஆட்களை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். வாத்தியாரை ஒரு பக்கம் உட்கார வைத்தால் பல் டாக்டரை மறுபக்கம் வைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் வண்டி சாயுமாம். ஒருத்தர் தலையும் இடிக்கவில்லை, ஒருத்தர் செருப்பும் தவறவில்லை. அலுங்காமல் குலுங்காமல் வரிசை கரைந்துகொண்டே வந்தது.

கடைசியில் டெய்லரம்மா. கால்பக்கம் ஒல்லி கான்ஸ்டபிள் இருந்தார். தலைப்பக்கம் தூக்க வேண்டியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"இது என் வீட்டுக்காரி, பார்த்துப் பிடி," என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி தானே குனிந்து, இல்லை, முட்டியை மடக்கி, மனைவியின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

டெய்லரம்மா அண்ணாந்து அவரைப் பார்த்தார். "ஏங்க, நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். அதுதான் அவர் கணவரிடம் நேராகப் பேசிய கடைசி வார்த்தை, வெகு நாளைக்கு.

கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அதன் மேல் ரெண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்றார் மேஸ்திரி. வேன் போயிற்று. ரோட்டில் பைகளும் அவரும் மட்டும் இருந்தார்கள். அப்போதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம். எந்த ஸ்டேஷன் நீங்க? மஃப்டியில வந்திருக்கீங்களா?"

"நான் போராட்டம் பண்ண வந்தவன் சார்."

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவு நல்ல ஜோக்கை அவர் சமீபத்தில் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் டெய்லரம்மா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தார். மேஸ்திரி வாசலிலேயே நின்று, "வந்துட்டியாம்மா, சாப்பிட்டியா?" என்றார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகளிடம், "உங்கப்பாகிட்ட சொல்லு, நான் சாப்பிட்டாச்சு," என்றார்.

"அம்மா, அவரு இங்கதான் நிக்கிறாரு."

"சொல்லுன்னா சொல்லு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மகள் படாத பாடு பட்டாள். தண்ணி வரவில்லை என்றாலும் அவள் மூலம், சாவி எங்கே என்றாலும் அவள் மூலம். "நடுவுல நான் என்ன தபால் ஆபீஸா?" என்று அவள் கத்தியதையும் அம்மா, "உங்கப்பாகிட்ட கேளு," என்று திருப்பி அனுப்பினார்.

மேஸ்திரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் நியாயம் பேசினார். "நான் மட்டும் எந்திரிக்காம இருந்திருந்தா வாத்தியாருக்கு இன்னொரு கையும் போயிருக்கும். அந்தப் பொண்ணு மூச்சு நின்னு செத்திருக்கும். உங்கம்மாகிட்ட சொல்லு."

டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"உங்கப்பா சொல்றது நியாயந்தான். அதுக்கு நான் அவருக்குக் கையெடுத்துக் கும்பிடறேன்னு சொல்லு. ஆனா அந்தப் பொண்ணைக் காப்பாத்தினதும் கீழ உட்கார்ந்திருக்கணும். நாங்க அங்க எதுக்குப் போனோம்? நாங்க ரோட்டுல கிடக்கிற வரைக்கும் அந்தக் கேட்டுல இருந்து லாரி வெளிய வர முடியாதுன்னு போனோம். சாயங்காலம் வரைக்கும் இழுக்கலாம்னு டாக்டரம்மா கணக்குப் போட்டாங்க. இவரு ஒரு டீ குடிக்கிற நேரத்துல எங்களை ஏத்தி அனுப்பிட்டாரு. எங்க வேன் திரும்பறதுக்குள்ள கேட்டைத் திறந்துட்டாங்க. லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா வெளிய வந்துச்சு. கம்பி வழியா நான் பார்த்துக்கிட்டே போனேன்னு சொல்லு உங்கப்பாகிட்ட."

மகள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.  அந்த லாரிகளை மேஸ்திரியும் பார்த்திருந்தார். தார்ப்பாயை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறான் பார், கெட்டிக்காரன், என்று மனசுக்குள் மெச்சவும் செய்திருந்தார். அதை மனைவியிடம் சொல்லாமல் விட்டதுதான் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

குழுவிலும் அவருக்கு மரியாதை போயிற்று. டாக்டர் வீட்டு மாடியில் கூட்டம் என்றால் அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நாங்க பேசிட்டுக் கூப்பிடறோம்," என்பார் டாக்டர் இனிமையாக. கூப்பிடவே மாட்டார்கள். போலீஸ் ஆள் என்று ஒரு பேச்சு ஆரம்பித்து வாய்க்கு வாய் வளர்ந்து, மேஸ்திரிக்குப் போலீஸில் சம்பளம் வருகிறது என்பது வரைக்கும் போய்விட்டது. டெய்லரம்மா அதைக் கேட்டும் பேசாமல் இருந்தார். மேஸ்திரிக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இவள் கூடவா?

ஒரே வழிதான் இருந்தது. கைதாகிவிட வேண்டும். எல்லோர் கண்ணுக்கு எதிரிலும், நாலு பேர் தூக்கி, வேனுக்குள் போட வேண்டும். அப்போதுதான் அவள் வாய் திறக்கும்.

அடுத்த மறியலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய், முதல் வரிசையில், பக்கத்தில் யாரும் உட்காராத இடத்தில் உட்கார்ந்தார். போலீஸ் வந்தது. ஒல்லி கான்ஸ்டபிள் அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"அண்ணே! வந்துட்டீங்களா! இன்ஸ்பெக்டர் காலையில இருந்து உங்களைத்தான் கேட்டுட்டு இருந்தாரு."

"என்னைத் தூக்குய்யா," என்றார் மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு.

"விளையாடாதீங்கண்ணே. வெறுந்தரையில உட்கார்ந்திருக்கீங்களே, சூடு ஏறிடும்." கான்ஸ்டபிள் எங்கேயோ ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். பின்னாலேயே ஒருத்தர் டீ கொண்டு வந்தார். மறியல் செய்கிறவர்கள் எல்லோரும் ரோட்டில் கிடக்க, மேஸ்திரிக்கு மட்டும் நாற்காலியும் டீயும் வந்த கண்கொள்ளாக் காட்சியை டெய்லரம்மா மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி நாற்காலியைத் தள்ளிவிட்டு இன்ஸ்பெக்டரிடம் போனார். "சார், நான் சட்டவிரோதமா ரோட்டை மறிச்சிருக்கேன். என்னைக் கைது பண்ணணும் நீங்க."

"உங்களையா?" இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "பாவம் பிடிக்கும். ஏற்கனவே எங்க ஆளுங்க ரெண்டு பேரு இடுப்பு பிடிச்சு லீவுல இருக்காங்க. அன்னிக்குச் சொன்னீங்களே, அந்த முட்டி மடக்கற விஷயம், அதை இன்னொரு தடவை பசங்களுக்குச் சொல்லுங்க."

மேஸ்திரி போய் வேனுக்கு எதிரே மல்லாக்கப் படுத்துக்கொண்டார். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில ஏதாவது ஆயில் ஒழுகுதாண்ணே?" என்று கேட்டார். பிறகு மரியாதையாக வண்டியைப் பின்னால் எடுத்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ்காரர்கள் அவர் முன்பு சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மறந்து, குனிந்து தூக்கினார்கள், நழுவ விட்டார்கள், மறுபடி தூக்கினார்கள். அவர் படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு துடித்தது. டெய்லரம்மாவை ஒரு கையைப் பிடித்துத் தூக்கி, பாதி வழியில் தொப்பென்று போட்டார்கள். முழங்கை தார்ரோட்டில் தேய்ந்து ரத்தம் வந்தது. மேஸ்திரி பாய்ந்து எழுந்தார். டெய்லரம்மா தரையில் கிடந்தபடி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மேஸ்திரி நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையில் நகம் பதியக் கையை இறுக்கிக்கொண்டார். ஊரையே கட்டுப்படுத்துகிற குரலை வைத்துக்கொண்டு பெண்டாட்டிக்காகக் கத்த முடியாமல் நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

பொழுது சாய்கிற வரை இழுத்தது. ஒரு லாரி வெளியே வரவில்லை. வேன் கிளம்பிப் போன பிறகு ரோட்டில் மேஸ்திரியும் நாற்காலியும் இருந்தார்கள்.

டெய்லரம்மா திரும்பி வந்ததும் மேஸ்திரி மகள் மூலம் களிம்பு அனுப்பினார். மகள் மூலம் பதில் வந்தது. "நாற்காலி சௌகரியமா இருந்துச்சான்னு அம்மா கேக்கறாங்கப்பா." சொல்லும்போது மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரிக்கு வரவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு பகல் முழுக்க லாரி நின்றது தொழிற்சாலைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. மேலிடத்துக்குப் புகார் போயிற்று. இன்ஸ்பெக்டருக்குச் சரியான டோஸ் விழுந்தது. மூன்றாவது மறியலுக்கு வெளியிலிருந்து புதுப் படை வந்தது. தலைக்கவசம், கேடயம், கையில் நீளமான லத்தி. முகம் என்று ஒன்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டரும் அவர் ஆட்களும் ஓரங்கட்டப்பட்டு, வேலியோரமாக நின்றார்கள். புதுப் படைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி தலைவர்.

மேஸ்திரி இந்தத் தடவை நேராகப் போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டெய்லரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. தன் பையை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

"வாத்தியார் கட்டுப் போட்ட கையோட வந்திருக்காரு," என்றார் மேஸ்திரி, காற்றைப் பார்த்து.

டெய்லரம்மா பாட்டைச் சத்தமாகப் பாடினார்.

கறுப்புக் கண்ணாடியின் ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. கலைந்து போங்கள் என்றது தெளிவாகக் கேட்டது. எழுந்திருக்க நேரம் கொடுக்காமல் படை ஓடி வந்ததும் தெளிவாகத் தெரிந்தது. இவர்கள் தூக்க வரவில்லை. முதல் அடி வாத்தியாரின் கட்டுப் போட்ட கையிலேயே விழுந்தது. பல் டாக்டர் அவர் மேல் கவிழ்ந்து மூடிக்கொள்ள, அடி அவர் முதுகில் விழுந்தது. அந்தக் காலேஜ் பெண் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகளிலும் அடித்தார்கள். எதிர்க்கடையின் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பாட்டு அறுந்துபோய், அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை, நானும் சொல்லப் போவதில்லை.

மேஸ்திரி மனைவியின் தலையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். அவருக்கு மேலே ஒரு லத்தி உயர்ந்தது.

"சார்! சார்! அவரை விட்டுடுங்க!" வேலியோரத்திலிருந்து ஒல்லி கான்ஸ்டபிள் விழுந்தடித்து ஓடி வந்தார். "அவரு நம்ம ஆளு சார்!"

லத்தி அந்தரத்தில் நின்றது.

"யாரு?" என்றார் கறுப்புக் கண்ணாடி.

"நம்ம ஆளு சார். போலீசுக்கு எவ்வளவோ ஒத்தாசை பண்ணியிருக்காரு. இன்ஸ்பெக்டரைக் கேளுங்க."

வேலியோரத்தில் இன்ஸ்பெக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தக் கான்ஸ்டபிளுக்கு மேஸ்திரியிடம் இருந்த பிரியம் சத்தியமானது. அந்த நிமிஷத்தில் தன் வேலையைப் பணயம் வைத்துத்தான் வாய் திறந்தார். ஆனால் சுற்றிலும் அடிபட்டுக் கிடந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கி மேஸ்திரியைப் பார்த்தார்கள். ஊரில் பேசிக்கொண்டது உண்மைதான் போலிருக்கிறது.

கறுப்புக் கண்ணாடி லத்தியை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "எந்திரிச்சு ஓரமாப் போயிடுங்க."

மேஸ்திரி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. சாகும் வரைக்கும் இந்தப் பெயர் போகாது என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

டெய்லரம்மா அவர் கைக்குள்ளிருந்து தலையை வெளியே இழுத்தார். முடி கலைந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"யாருய்யா உங்க ஆளு?" என்று கேட்டார். பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். "யாரைப் பார்த்து உங்க ஆளுங்கற? கல்யாணமான நாளா இவரைக் கட்டி மேய்க்கிறவ நான். இவரு புத்தி என்ன, இவரு மனசு என்னன்னு எனக்குத் தெரியாதா? வெவரம் கெட்ட மனுஷன்தான். வாயைத் திறந்தா வம்புதான். ஆனா அவரு எங்க ஆளு! நல்லாக் கேட்டுக்க, எங்க ஆளு!"

ரோட்டில் கிடந்த வாத்தியார்கூட முனகுவதை நிறுத்திவிட்டார்.

கறுப்புக் கண்ணாடி மேஸ்திரியைப் பார்த்தார். "அப்படியா? நீ எந்தப் பக்கம்?"

ஒல்லி கான்ஸ்டபிள் அவர் பின்னால் நின்று, நம்ம பக்கம்னு சொல்லுங்கண்ணே என்று கண்ணாலேயே கெஞ்சினார். மேஸ்திரி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அதான் அவங்க சொல்லிட்டாங்களே," என்றார்.

லத்தி இறங்கியது. தோளில் விழுந்தது, கழுத்தெலும்பு ஓடுகிற இடத்தில். முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

தூக்கியது நான்கு பேர். தப்பாகத்தான் தூக்கினார்கள், பாவிகள், முறிந்த பக்கத்தையே பிடித்து. வேனுக்குள் எறிந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பல் டாக்டர் தன் முதுகு வலியையும் மறந்து நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். கட்டுப் போடாத கையால் வாத்தியார் அவர் முட்டியைத் தட்டிக்கொடுத்தார். யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை அவர் வாயில் வைத்தார். மேஸ்திரி கைதாகிவிட்டார்.

டெய்லரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவரைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு, வேன் கிளம்புவதற்குள் மூச்சு விடாமல் பேசினார். "உங்களுக்கு அறிவிருக்கா? ஆமா சார், உங்க ஆளுதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓரமாப் போனா என்ன? நான் உங்களை வந்து கேட்டேனா? இனிமே இந்தத் தோள்ல பாரம் வைக்க முடியுமா? பொழப்பு என்ன ஆகறது? ஐயோ, எல்லாம் என்னால. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம வாயைப் பொத்திட்டு இருந்திருந்தா உங்களுக்கு இந்த அடியே விழுந்திருக்காது."

வலியில் மேஸ்திரிக்குப் பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது.

"நீ சொல்லாம இருந்திருந்தா, அதுக்கப்புறம் நான் வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்ம்மா."

டெய்லரம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். பிறகு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, மேஸ்திரி அம்மா என்று முனகினார். டெய்லரம்மா எழுந்து நின்று, டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பி வலையைக் கையால் ஓங்கி அடித்தார்.

"யோவ் டிரைவர்! பார்த்து ஓட்டுய்யா! உள்ள எங்க ஆளு இருக்காரு!"